மேடையில் குற்றவாளி, திரையில் வீரன்: டேவிட் வில்லியம்சனின் இரண்டு ஆஸ்திரேலியாக்கள்

ஆஸ்திரேலியா என்றால் நமக்குக் கிரிக்கெட் தெரியும், கங்காரு தெரியும். ஆஸ்திரேலிய நாடகாசிரியர் ஒருவர் பெயரைச் சொல் என்றால் முழிப்போம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1950களில் மெல்போர்னில் ஒருவரை நிறுத்திக் கேட்டிருந்தாலும் அவரும் கொஞ்சம் யோசித்திருப்பார். நாடகம் என்றால் லண்டனிலிருந்து வருவது என்றுதான் அங்கே நினைத்திருந்தார்கள்.

அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் டேவிட் வில்லியம்சன். 1942ல் மெல்போர்னில் பிறந்தவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள், அவற்றோடு 'கலிபோலி' மாதிரி உலகம் பார்த்த படங்களின் திரைக்கதைகள். நம் வகுப்புக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: ஆள் மெக்கானிக்கல் இன்ஜினியர்! மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 1965ல் பட்டம் வாங்கி, ஜெனரல் மோட்டார்ஸ் ஹோல்டன் கார் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, மெல்போர்னின் ஸ்வின்பர்ன் தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். எடுத்த பாடங்கள் தெர்மோடைனமிக்ஸ், சமூக உளவியல். விசித்திரமான ஜோடிதான். ஆனால் அவர் நாடகங்களைப் பார்த்தால் அந்த ஜோடி சரியாகவே படுகிறது. மூடிய அறைக்குள் நாலு பேரை வைத்து, சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் அவர் பாணி.

இவரைப் பற்றிப் படிக்கும்போது ஒரு கேள்வி என்னை விடவில்லை. மேடையில் தன் நாட்டு ஆண்களைத் தோலுரித்துக் காட்டியவர், திரையில் அதே ஆண்களை வீரர்களாக்கினார். ஒரே கை எப்படி இரண்டையும் எழுதியது? அதற்குப் பதில் தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

கடன் வாங்கிய குரல்

முதலில் கொஞ்சம் பின்னணி. ஆஸ்திரேலிய வணிக நாடகத்தில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது ஜே. சி. வில்லியம்சன் என்ற கம்பெனி. (பெயர் ஒற்றுமை தற்செயல், நம் ஆளுக்கும் அதற்கும் உறவு கிடையாது.) லண்டனிலும் நியூயார்க்கிலும் ஓடி வெற்றி பெற்றதை இறக்குமதி செய்வதுதான் அதன் தொழில். உள்ளூர் நடிகர்களும் மேடை ஏறினால் இங்கிலாந்து உச்சரிப்பில் பேசப் பழகினார்கள். ஏ. ஏ. பிலிப்ஸ் என்ற விமர்சகர் 1950ல் இந்த மனநிலைக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'பண்பாட்டுக் கூச்சம்' என்று சொல்லலாம். நம்முடையது எதுவானாலும் மட்டம், அவர்களுடையது எதுவானாலும் உசத்தி என்று தனக்குள்ளேயே குறுகிப் போவது.

முதல் பெரிய உடைப்பு 1955ல் வந்தது. ரே லாலரின் 'சம்மர் ஆஃப் தி செவன்டீன்த் டால்'. குவீன்ஸ்லாந்தில் கரும்பு வெட்டும் இரண்டு பேர், ஆண்டுதோறும் கோடையில் மெல்போர்ன் வந்து மதுக்கடைப் பெண்களோடு தங்குகிறார்கள். பதினேழாவது கோடையில் எல்லாம் உடைகிறது. சொந்த ஊர்ப் பேச்சை மேடையில் கேட்டு மக்கள் கொண்டாடினார்கள். நாடகம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது. 1959ல் படமும் வந்தது. ஆனால் படத்தில் முக்கிய வேடங்களுக்கு வெளிநாட்டு நட்சத்திரங்கள், கதை சிட்னிக்கு மாற்றம், முடிவும் சுபம். நாடகத்தின் உயிரே அந்தச் சோக முடிவில்தான் இருந்தது. மேடையில் கிடைத்த குரலைத் திரை எப்படிப் பிடுங்கிக்கொள்ளும் என்பதற்கு இது முதல் பாடம்.

இத்தனைக்கும் சினிமா ஆஸ்திரேலியாவுக்குப் புதிது கிடையாது. 1906லேயே 'தி ஸ்டோரி ஆஃப் தி கெல்லி கேங்' எடுத்த நாடு அது. உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று அதைச் சொல்வார்கள். ஆனால் 1960களில் உள்ளூர்ப் படத் தயாரிப்பு ஏறக்குறைய செத்துவிட்டது.

தெருப் பேச்சுக்கும் ஆபத்து இருந்தது. அலெக்ஸ் பூஸோவின் 'நார்ம் அண்ட் அஹ்மத்' என்ற குறுநாடகத்தின் கடைசி வசனத்தில் ஒரு கெட்ட வார்த்தை வரும். பாகிஸ்தானிய மாணவனைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரன் கத்துவது. 1969ல் பிரிஸ்பேனில் அதைச் சொன்ன நடிகரைப் போலீஸ் கைது செய்தது. மெல்போர்னிலும் வழக்கு வந்தது. அப்படி வழக்கில் மாட்டியவர்களில் ஒருவர் கிரேம் பிளண்டெல். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1971: ஒரே வருஷம், இரண்டு நாடகம்

1967ல் பெட்டி பர்ஸ்டால் என்ற பெண்மணி மெல்போர்னின் கார்ல்டன் பகுதியில் ஒரு பழைய சிறு தொழிற்சாலைக் கட்டடத்தில் லா மாமா என்ற அரங்கைத் தொடங்கினார். நியூயார்க்கில் அதே பெயரில் இருந்த சிற்றரங்கம்தான் முன்மாதிரி. நாற்பது ஐம்பது பேர் உட்காரலாம். முன்வரிசைக்காரர் காலை நீட்டினால் நடிகர் தடுக்கி விழுவார். அவ்வளவு நெருக்கம். வில்லியம்சனின் 'தி கமிங் ஆஃப் ஸ்டார்க்' 1970ல் அங்கேதான் அரங்கேறியது. பெட்டியின் கணவர் டிம் பர்ஸ்டால் சினிமா இயக்குநர். அவர் மறுவருஷமே அதை 'ஸ்டார்க்' என்று படமாக்க, திரைக்கதையையும் வில்லியம்சனே எழுதினார். குறைந்த செலவில் எடுத்த படம் நன்றாக ஓடியது. ஆக, இவர் முதலில் நாடகக்காரர், பிறகு சினிமாவுக்குப் போனவர் என்று சொல்வது சரியாக வராது. இரண்டு கதவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், அதுவும் ஒரே குடும்பத்தால் திறந்தன.

1971ல் லா மாமாவில் 'தி ரிமூவலிஸ்ட்ஸ்'. வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி இடம் மாற்றித் தருபவரை அங்கே ரிமூவலிஸ்ட் என்பார்கள். கதை இதுதான். ஒரு போலீஸ் ஸ்டேஷன். பழம் தின்று கொட்டை போட்ட சார்ஜென்ட், அன்றுதான் வேலையில் சேர்ந்த இளம் கான்ஸ்டபிள். புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் தன் அக்காவோடு புகார் கொடுக்க வருகிறாள். சார்ஜென்ட்டுக்குப் புகாரில் அக்கறை இல்லை, பெண்களிடம்தான் அக்கறை. புருஷன் இல்லாத நேரத்தில் சாமான்களை எடுத்துப்போக உதவுகிறேன் என்கிறான். புருஷன் வீட்டில் இருக்கிறான். அடி விழுகிறது. சார்ஜென்ட்டின் அடியில் தொடங்கியது புதுக் கான்ஸ்டபிளின் வெறியில் முடிகிறது. ஆள் செத்துப்போகிறான். அவன்தான் எங்களைத் தாக்கினான் என்று காட்ட வேண்டுமே! போலீஸ்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்வதோடு நாடகம் முடியும்.

இத்தனையும் நடக்கும்போது ரிமூவலிஸ்ட் என்ன செய்கிறான்? சாமான் ஏற்றுகிறான். வெளியே வண்டி ஓட்டத்தில் நிற்கிறதே, நேரமாகிறதே என்பது மட்டும்தான் அவன் கவலை. லா மாமாவில் அந்த வேடத்தில் நடித்தது வில்லியம்சனேதான். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமான ஆசிரியர் ஒரு மூலையில் நின்று, தான் எழுதிய கொலையைக் கண்டுகொள்ளாமல் நாற்காலி தூக்குவதைக் கற்பனை செய்து பாருங்கள். பிரிட்டனுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு முதல்முறையாக ஜார்ஜ் டிவைன் விருது இந்த நாடகத்துக்காகத்தான் கிடைத்தது. எந்த லண்டனைப் பார்த்துக் கூசினார்களோ, அந்த லண்டனே கொடுத்தது.

அதே 1971 ஆகஸ்டில் 'டான்ஸ் பார்ட்டி'. பெயரைப் பார்த்து ஆட்டம் பாட்டம் என்று நினைக்க வேண்டாம், டான் என்பவன் வீட்டு விருந்து. :-) நாள், 25 அக்டோபர் 1969, பொதுத் தேர்தல் இரவு. 1949லிருந்து லிபரல் கூட்டணியே ஆட்சியில். இந்தத் தடவை கஃப் விட்லம் தலைமையில் தொழிற்கட்சி ஜெயித்துவிடும் என்ற நம்பிக்கையில், கொண்டாடுவதற்காக டான் நண்பர்களைக் கூப்பிடுகிறான். டிவியில் முடிவுகள் வர வர நம்பிக்கை சரிகிறது. பாட்டில்கள் காலியாகின்றன. படித்தவர்கள், முற்போக்கு பேசுபவர்கள் என்ற பூச்சு ஒவ்வொன்றாக உதிர்ந்து, மனைவிகளை அவமானப்படுத்தும் வெறும் ஆண்களாக நிற்கிறார்கள். நிஜத்திலும் தொழிற்கட்சி அன்று 18 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தும் 59க்கு 66 என்று தோற்றது. இதைப் பிராம் ஃபேக்டரி அரங்கில் இயக்கியவர்தான் கிரேம் பிளண்டெல். கெட்ட வார்த்தைக்காக நீதிமன்றம் போனவர், இரண்டே வருஷத்தில் அதே தெருப் பேச்சை வைத்து அரங்கை நிறைத்தார்.

1976ல் புரூஸ் பெரெஸ்போர்ட் இதைப் படமாக்கினார். இடையில் சரித்திரம் இரண்டு தடவை புரண்டுவிட்டது. 1972ல் விட்லம் ஜெயித்தார். 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர் அவரைப் பதவி நீக்கம் செய்தார். ஆகவே படம் பார்த்தவர்களுக்கு அது 1969ன் தோல்வி மட்டுமாக இருந்திருக்காது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆஸ்திரேலிய சினிமாவுக்கு அரசுப் பணம் வருவதற்கு 1970ல் வழிசெய்தது யார் தெரியுமா? அந்த இரவில் ஜெயித்த, டான் கூட்டம் திட்டித் தீர்த்த லிபரல் பிரதமர் ஜான் கார்ட்டன்! விட்லம் அதைப் பெருக்கினார். இருவரும் போட்ட விதையில்தான் 1970களின் ஆஸ்திரேலியப் படங்கள் முளைத்தன.

கல்லூரியும் கிளப்பும்

1974ல் எழுதிய 'தி டிபார்ட்மென்ட்' நாடகத்தை நம் துறை ஆசிரியர்கள் அனைவரும் படிக்க வேண்டும் (மாட்டிவிடாதீர்கள்). ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் இன்ஜினியரிங் துறைக் கூட்டம், அதுதான் முழு நாடகமும். ஆய்வகத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் நிரப்பினால் கட்டடம் தாங்காது! இதை எப்படி மறைப்பது என்பதுதான் துறைத்தலைவரின் கவலை. 1977ல் 'தி கிளப்'. ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப் ஒன்றின் கமிட்டி அறை. ஆட்டத்தை ஒரு நிமிஷம்கூட மேடையில் பார்க்க மாட்டோம். பயிற்சியாளரை யார் கவிழ்ப்பது என்ற உள்குத்து மட்டும்தான். இதையும் 1980ல் பெரெஸ்போர்ட் படமாக்கினார்.

இந்த நாலு நாடகத்திலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். குற்றம் செய்பவன் வெளியாள் இல்லை. சார்ஜென்ட், டான், துறைத்தலைவர், கிளப் நிர்வாகி எல்லாரும் உள்ளூர் ஆட்கள், பார்வையாளருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். சிரித்துக்கொண்டே வந்தவர்கள், 'நம்மைத்தான் சொல்கிறானோ' என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கலிபோலியில் நடந்த மாற்றம்

இப்போது 1981. இயக்குநர் பீட்டர் வியர், திரைக்கதை வில்லியம்சன், படம் 'கலிபோலி'. முதல் உலகப் போரில் துருக்கிக் கடற்கரையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் சிக்கிச் சிதைந்த இடம் அது. ஆஸ்திரேலியர்கள் தங்கள் தேசம் பிறந்த இடமாக அதைக் கருதுகிறார்கள். இரண்டு ஓட்டப்பந்தய வீரர்கள் நண்பர்களாகிறார்கள். ஆர்ச்சி லட்சியவாதி. ஃபிராங்க் (மெல் கிப்சன்) இது இங்கிலாந்துக்காரன் சண்டை, நமக்கென்ன என்று கேட்பவன். ஃபிராங்கின் அந்த நக்கல் அப்படியே மேடை வில்லியம்சனின் குரல். ஆனால் படத்தை ஜெயிப்பது ஆர்ச்சி. 7 ஆகஸ்ட் 1915 அன்று 'தி நெக்' என்ற குறுகலான மேட்டில், இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி அலை அலையாக ஓடவிட்டார்கள். ஓர் அலைக்கு 150 பேர். இறந்தவர்கள் 234. ஆர்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து முடியும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் சரித்திரக்காரர்கள் ஒரு குறை சொன்னார்கள். தாக்குதலைத் தொடரச் சொல்லும் கர்னல் படத்தில் ஆங்கிலேயர் போலப் பேசுவார். நிஜத்தில் அப்படி வற்புறுத்திய ஆன்ட்டில் என்ற அதிகாரி ஆஸ்திரேலியர். அடுத்து, வேறு கடற்கரையில் ஆங்கிலேயர்கள் டீ குடித்துக்கொண்டிருக்க, அவர்களைக் காப்பாற்ற நம் பையன்கள் செத்தார்கள் என்ற எண்ணம் படத்தில் வரும். நிஜத்தில் அந்தத் தாக்குதல் சுனுக் பாயர் உச்சியைப் பிடிக்கப் போன நியூசிலாந்துப் படைக்குத் துணையாக நடந்தது.

இந்த இடத்தில்தான் என் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. அந்த ஆன்ட்டிலை மேடைக்கு எழுதியிருந்தால் வில்லியம்சன் என்ன செய்திருப்பார்? 'ரிமூவலிஸ்ட்ஸ்' சார்ஜென்ட்டைப் போலச் சதையும் ரத்தமுமாக, நம் ஊர் மண்டைக்கனமாக நிறுத்தியிருப்பார். திரையில் பழி கடல் தாண்டிப் போய்விட்டது. மேடையில் குற்றவாளியாக நின்ற ஆஸ்திரேலியன் திரையில் பலியாடாகிவிட்டான். 1983ல் அவர் எழுதிய 'ஃபார் லாப்' படமும் ஏறக்குறைய இதே வழிதான். 1930ல் மெல்போர்ன் கோப்பை வென்று, 1932ல் கலிபோர்னியாவில் செத்துப்போன பந்தயக் குதிரையின் கதை. அமெரிக்காக்காரர்கள்தான் விஷம் வைத்தார்கள் என்று ஆஸ்திரேலியாவில் பல தலைமுறைகள் நம்பின.

மீதிப் பதில் பணத்தில் இருக்கிறது. லா மாமாவுக்கு ஐம்பது பேர் வந்தால் போதும். படத்துக்கு முதலீடு வேண்டும், நாடு முழுக்க ஆள் வர வேண்டும். 'கலிபோலி'க்குப் பணம் போட்டவர்கள் ராபர்ட் ஸ்டிக்வுட்டும் ரூபர்ட் முர்டாக்கும். முர்டாக்கின் அப்பா கீத் முர்டாக், 1915ல் பத்திரிகையாளராகக் கலிபோலி போய் ஆங்கிலேயத் தளபதிகளைக் கிழித்து ஆஸ்திரேலியப் பிரதமருக்குக் கடிதம் எழுதியவர். முதலாளி சொல்லித்தான் இப்படி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. முழு நாட்டையும் ஒரே இருட்டறையில் உட்காரவைக்க நினைக்கும் கதைக்கு, அந்த நாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கஷ்டம். அவ்வளவுதான்.

எழுத்தாளனுக்கு என்ன மிச்சம்?

படத்தில் எழுத்தாளர் பல கைகளில் ஒரு கை மட்டுமே. 1982ல் வந்த 'தி இயர் ஆஃப் லிவிங் டேஞ்சரஸ்லி' படத்தில் திரைக்கதைக்கு மூன்று பெயர் இருக்கும்: வில்லியம்சன், வியர், மூல நாவலாசிரியர் கிறிஸ்டோபர் காக். 1965ன் ஜகார்த்தா பற்றிய படம். சுஹார்தோ ஆட்சி முடியும் வரை இந்தோனேசியாவில் திரையிட முடியவில்லை. அதில் பில்லி குவான் என்ற ஆண் வேடத்தில் நடித்த லிண்டா ஹன்ட் என்ற பெண்ணுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இந்த அனுபவங்களை வில்லியம்சன் மேடைக்கே திருப்பிக் கொண்டுவந்தார். 1979ல் மெல்போர்னிலிருந்து சிட்னிக்குக் குடிபெயர்ந்தவர், 1987ல் 'எமரால்ட் சிட்டி' எழுதினார். கதாநாயகன் காலின் ஒரு திரைக்கதாசிரியர், அவனும் மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு வந்தவன். நல்ல படம் எழுத ஆசை. ஆனால் 1981ல் வந்த 10பிஏ வரிச்சலுகையால் படத்தில் போட்ட பணத்தில் 150 சதவீதம் வரை வரிக்கழிவு கேட்கலாம் என்றாகி, சினிமாவே தெரியாத பணமெல்லாம் சினிமாவுக்கு வந்த காலம் அது. திறமை இல்லாத ஒரு வியாபாரி காலினோடு ஒட்டிக்கொண்டு மேலே போகிறான். காலின் அவனைக் கேவலமாக நினைக்கிறான், ரகசியமாகப் பொறாமையும் படுகிறான். சினிமா மேல் தனக்கிருந்த சபலத்தை இவ்வளவு நேர்மையாக எழுத மேடைதான் அவருக்கு வசதிப்பட்டது. மறுவருஷமே இதுவும் படமானது தனிக்கூத்து!

பிறகு 2013ல் இன்னொரு கணக்கையும் தீர்த்தார். 'ரூபர்ட்' என்று ஒரு நாடகம். ஆமாம், 'கலிபோலி'க்குப் பணம் போட்ட அதே முர்டாக்கின் வாழ்க்கை, கேலியும் கிண்டலுமாக. இப்படி எழுத அவருக்கு வேண்டியது ஒரு மேடையும் சில நடிகர்களும்தான்.

திரையிலும் நல்ல விதிவிலக்குகள் உண்டு. 2009ல் ராபர்ட் கானலியோடு சேர்ந்து எழுதிய 'பாலிபோ'. 1975ல் கிழக்குத் திமோரில் கொல்லப்பட்ட ஐந்து பத்திரிகையாளர்கள் பற்றியது. இந்தோனேசியா இதையும் தடை செய்தது. ஆனால் இதில் விரல் கான்பெரா பக்கமும் நீளும், தெரிந்தும் வாயைத் திறக்காத சொந்த அரசாங்கத்தை நோக்கி.

ஓய்வு பெறாத ஓய்வு

2005ல் உடல்நலம் கருதி ஓய்வு என்று அறிவித்தார். ஆனால் 2009ல் 'லெட் தி சன்ஷைன்' என்ற நாடகம் வந்தது. 2018ல் 'நியரர் தி காட்ஸ்', நியூட்டனும் ஹாலியும் பற்றியது. பழைய மெக்கானிக்கல் மாணவர் கடைசியில் நியூட்டனிடமே வந்து சேர்ந்துவிட்டார். 2020ல் மறுபடி ஓய்வு. 2024ல் சிட்னியின் என்செம்பிள் அரங்கில் 'தி கிரேட் டிவைட்'. இனிமேல் இவர் ஓய்வு என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இவர் மேல் குறை இல்லாமல் இல்லை. இவர் உலகம் பெரும்பாலும் படித்த, வசதியான வெள்ளையர்களின் வரவேற்பறை. அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் குரலைக் கேட்க 1985ல் ஜேக் டேவிஸ் எழுதிய 'நோ ஷுகர்' போன்ற நாடகங்களுக்குத்தான் போக வேண்டும். கதவு அதற்குப் பிறகும் அகலமானது. 2019ல் சிட்னி டவுன் ஹாலில் எஸ். சக்திதரனின் 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' அரங்கேறியது. இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைக் கதை. மேடையில் தமிழும் ஒலித்தது. மெல்போர்ன்காரன் மெல்போர்ன்காரனைப் போலப் பேசவே தயங்கிய மேடையில்! இந்த மாற்றத்தை வில்லியம்சன் தனியாகக் கொண்டுவரவில்லை. ஆனால் நாம் வீட்டில் பேசுகிற பேச்சே மேடைக்குப் போதும் என்று அடித்துச் சொன்னவர்களில் அவர் முன்வரிசையில் இருக்கிறார்.

என் தீர்ப்பைக் கேட்டால், நாடகாசிரியர் வில்லியம்சன்தான் பெரியவர். 'கலிபோலி' எனக்கு மிகவும் பிடித்த படம், கண் கலங்கவைக்கும். ஆனால் தன் ஊரைத் தானே கேள்வி கேட்கும் துணிச்சல் 'ரிமூவலிஸ்ட்ஸ்'சிலும் 'டான்ஸ் பார்ட்டி'யிலும்தான் இருக்கிறது. நேரம் கிடைத்தால் 'டான்ஸ் பார்ட்டி' படத்தை முதலில் பாருங்கள், மறுநாள் 'கலிபோலி' பாருங்கள். இரண்டிலும் பழி யார் மேல் விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். என் தீர்ப்பு தப்பென்று பட்டால் சண்டைக்கு வாருங்கள், நான் தயார்.